காதோடு சொல்லப்படும் விலை

டாக்ஸிக் கட்டணத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் (கவிஞர், நல்ல கவிஞர்) சிரித்தார். அடுத்த இதழில் புளி விலையா என்று கேட்டார். அவர் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பழைய பாகப்பிரிவினை இருக்கிறது. மதிப்பு என்கிற சொல்லை எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். விலை என்கிற சொல்லைப் பொருளாதாரக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். இந்தப் பிரிவினையில் நஷ்டம் நமக்குத்தான் என்று எனக்குப் பல நாட்களாகத் தோன்றிவருகிறது. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் என்னவாகக் கருதுகிறார்கள் என்பது ஸ்தூலமாகத் தெரிவது விலை சொல்லும் இடத்தில். சொல்கிறவன் எதை விற்கிறான், வாங்குகிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்ற இரண்டு கேள்விகளும் தார்மீகக் கேள்விகள். புளிக்கும் இவை பொருந்தும். ஆனால் புளியில் இன்னும் சிக்கல் முற்றவில்லை. டாக்ஸியில் முற்றிவிட்டது.

பேச்சிலேயே அது தெரிகிறது. முன்பு ஆட்டோ பேசப் போனவரிடம் வீட்டுவாசலில் நிற்பவர்கள், 'எவ்வளவு கேக்கறான்?' என்பார்கள். இப்போது கைபேசியைக் கையில் வைத்திருப்பவரிடம், 'எவ்வளவு காட்டுது?' என்கிறார்கள். 'கேக்கறான்' என்பதில் ஓர் ஆள் இருந்தான். மரியாதைக் குறைவாகக் குறிப்பிடப்பட்டாலும் ஆள். அவனைத் திட்டலாம், அவனிடம் கெஞ்சலாம், போய்யா என்று சொல்லிவிட்டு நான்கு அடி நடந்து, பின்னாலிருந்து கூப்பிடுகிறானா என்று காதைத் தீட்டிக்கொள்ளலாம். 'காட்டுது' என்பது அஃறிணை. எது காட்டுகிறது, எதைப் பார்த்துவிட்டுக் காட்டுகிறது என்று கேட்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. தூறுது, இருட்டுது, இருநூத்திப் பதினாலு காட்டுது. விலை ஒரு இயற்கை நிகழ்ச்சியாகிவிட்டது. யாரும் சொல்லாத விலையை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

காட்டுகிற யந்திரம் புதிதில்லை என்று சொல்லலாம். டாக்ஸி மீட்டரை ஜெர்மனியில் வில்ஹெல்ம் ப்ரூன் 1891-ல் உருவாக்கினார். ஆனால் மீட்டருக்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள்: சக்கரம் எத்தனை முறை சுற்றியது, வண்டி எவ்வளவு நேரம் நின்றது. உள்ளே இருப்பவன் மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறானா, மாட்டினி ஷோவுக்குப் போகிறானா என்று அதற்குத் தெரியாது. அதன் குருட்டுத்தனம்தான் அதன் நியாயம். பயணியையும் பார்க்காது, ஓட்டுநரையும் பார்க்காது. இருவரும் அதைப் பார்க்கலாம். சென்னையில் மீட்டரின் சரித்திரம் ஹாஸ்ய சரித்திரம் என்பது எனக்கும் தெரியும். 2013-ல் தமிழக அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. இதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நிறைய. இந்தக் கட்டணத்தில் பயணம் செய்தவர்கள் சொற்பம். ஆனால் 'மீட்டருக்கு மேல இருபது ரூபா போட்டுக் குடு சார்' என்று ஓட்டுநர் கேட்டபோது, அந்த 'மேல' என்ற சொல்லில் மீட்டர் இருந்தது. மீறப்படுகிற அளவுகோலும் அளவுகோல்தான். அநியாயம் என்று கத்துவதற்கு ஒரு கோடு தேவை; அந்தக் கோட்டை யாரும் மதிக்காவிட்டாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் தெரிந்த கோடாக இருந்தால் போதும்.

சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஊபர் நிறுவனம் கொண்டுவந்த 'சர்ஜ்' என்கிற பெருக்கல் கணக்கு முதலில் இந்தக் கோட்டை அழிக்கவில்லை. ஒரு பகுதியில் வண்டி கேட்பவர்கள் அதிகமாகி, வண்டிகள் குறைவாக இருந்தால், வழக்கமான கட்டணத்தை 1.5, 2, 3 என்று ஏதோ ஒரு எண்ணால் பெருக்கும். அந்த எண்ணைப் பயணிக்குக் காட்டும். மிக அதிகமாகிவிட்ட சமயங்களில் பயணி தன் கையாலேயே அந்த எண்ணைத் தட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் கைநாட்டு வைக்கிற மாதிரி. 2015-ல் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சான் பிரான்சிஸ்கோவிலும் மன்ஹாட்டனிலும் பல கணக்குகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டுக் கவனித்தார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எண் மாறுகிறது, ஊர் பல பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது, சில இடங்களில் சில நிமிஷம் நடந்து எல்லையைத் தாண்டினால் கட்டணம் குறைகிறது என்று கண்டார்கள். குரூரமோ இல்லையோ, இது பொதுவான குரூரம். அந்த மூலையில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே எண். பக்கத்தில் நிற்பவரிடம் 'அக்கிரமமா இருக்கே' என்று சொல்லலாம். அவருக்கும் அதே அக்கிரமம் நடந்துகொண்டிருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானத்தை நான் அலட்சியமாகத் தள்ள விரும்பவில்லை. இலக்கியக்காரர்கள் பொருளாதாரத்தை எதிர்க்கும்போது பெரும்பாலும் அதைப் புரிந்துகொள்ளாமல் எதிர்க்கிறார்கள். மழை நாளில் நூறு பேர் வண்டி கேட்கிறார்கள், நாற்பது வண்டிகள் இருக்கின்றன. விலையை ஏற்றாவிட்டால் அறுபது பேருக்கு எப்படியும் வண்டி இல்லை. யாருக்குக் கிடைக்கும் என்பதை அதிர்ஷ்டமோ, முதலில் பட்டனைத் தட்டிய விரலோ தீர்மானிக்கும். ஏற்றினால் அவசரமில்லாத சிலர் டீக்கடையில் ஒதுங்குவார்கள். வீட்டில் படுத்திருக்கிற ஓட்டுநர் சிலர் எழுந்து வருவார்கள். நாற்பது ஐம்பதாகும். இதில் பொய் எதுவும் இல்லை. விட்டுப்போனது ஒன்று உண்டு: அவசரம் அதிகம் உள்ளவரும் பணம் அதிகம் உள்ளவரும் ஒருவரே என்று இந்தத் தர்க்கம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. அதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறு ஒரு இடத்தில் இடறுகிறது.

2014 டிசம்பர் 15 அன்று சிட்னியில், மார்ட்டின் பிளேஸ் பகுதியில் ஒரு காப்பிக்கடைக்குள் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன் அங்கிருந்தவர்களைப் பணயக்கைதிகளாக்கினான். நகரத்தின் மையத்திலிருந்து ஜனங்கள் வெளியேற முற்பட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்டார்கள். கணக்கு தன் வேலையைச் செய்தது. கட்டணம் ஏறத்தாழ நான்கு மடங்கானது. குறைந்தபட்சக் கட்டணம் 100 ஆஸ்திரேலிய டாலர். அதிக ஓட்டுநர்களை அந்தப் பகுதிக்கு வரவழைப்பதற்காகக் கட்டணம் உயர்ந்திருக்கிறது என்று நிறுவனம் முதலில் அறிவித்தது. கண்டனம் எழுந்த பிறகு, வெளியேறுபவர்களுக்குப் பயணம் இலவசம், வசூலித்த பணம் திருப்பித் தரப்படும் என்று சொன்னது. மறுநாள் அதிகாலையில் முற்றுகை முடிந்தபோது பணயக்கைதிகள் இருவர் இறந்திருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் வழக்கமாக நிறுவனத்தின் பேராசையைக் கண்டிப்பார்கள். யந்திரத்துக்குத் துப்பாக்கி தெரியாது, கூட்டம்தான் தெரியும் என்பார்கள் அதற்காகப் பரிந்து பேசுகிறவர்கள். இரண்டு பக்கமும் ஒன்றைக் கவனிப்பதில்லை. முதல் அறிவிப்பு தர்க்கரீதியாகச் சரியானது. ஆபத்தான இடத்துக்கு வண்டிகளை வரவழைக்க வேறு வழி என்ன? பின் ஏன் நிறுவனம் பின்வாங்கியது? அந்த நான்கு மடங்கில் எத்தனை பங்கு ஓட்டுநரின் துணிச்சலுக்கு, எத்தனை பங்கு பயணியின் பயத்துக்கு என்ற கேள்வி திடீரென்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. பயத்துக்கு விலை வாங்குகிறோம் என்று தெரியாதவரை வாங்கலாம். தெரிந்தபின் வாங்க முடியவில்லை.

1986-ல் கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கனடாவின் டொராண்டோ, வான்கூவர் வாசிகளிடம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்கள். பனியை அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்றுவந்த கடைக்காரர், பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை 20 டாலர் ஆக்குகிறார், இது நியாயமா? 82 சதவீதத்தினர் நியாயமில்லை என்றார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதை ஜனங்களின் அறியாமை என்று எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்லக் கிளம்புவது உண்டு. கடைக்காரரின் கொள்முதல் விலை ஏறியிருந்தால் அவர் விலையை ஏற்றுவது நியாயம் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்த ஜனங்கள்தான் இவர்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயர் கொடுக்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பெயர் கொடுத்தவர் 13-ஆம் நூற்றாண்டுத் துறவி. தாமஸ் அக்வினாஸின் இறையியல் தொகுப்பில், வியாபாரத்தில் ஏமாற்றுவது பற்றிய பகுதியில், இந்த விஷயம் வருகிறது. (பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு அவர் பாடமில்லை. மத்தியகாலம் என்றால் சாஸரோடு சரி.) அவர் சொல்வதன் சாரம் இது. பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு நஷ்டம் உண்டானால் அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம், அது அவனுடையது. வாங்குபவனுக்கு அந்தப் பொருள் மிகவும் தேவைப்படுகிறது, விற்பவனுக்கோ தனிப்பட்ட நஷ்டம் ஏதுமில்லை என்றால், அந்தத் தேவையைக் காரணம் காட்டி விலையை ஏற்றக்கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை வாங்குபவனின் நிலைமையிலிருந்து பிறந்தது, விற்பவனுடையது அல்ல. தன்னுடையது அல்லாததை ஒருவன் எப்படி விற்பான்?

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் ஒரு வாரம் இந்த வாக்கியம் கூடவே வந்தது. என் அவசரம் என்னுடையது. என் குழந்தையின் காய்ச்சல் என்னுடையது. அதை என்னிடமே ஒருவன் விற்கிறான் என்றால் அது திருட்டுப்பொருள். கொள்வதில் மிகை கொள்ளாமலும் கொடுப்பதில் குறை வைக்காமலும் விற்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்கிறது. நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்கிறது. மிகை, பிற, தம என்ற எல்லைகள் நமக்கும் தெரிந்தவைதான். ஆனால் தேவை என்பதே ஒரு உடைமை, அது இன்னாருடையது என்று வரையறுத்த துல்லியம் அந்தத் துறவியிடம் இருக்கிறது. அவரது கடவுளை ஏற்காமலும் அவரது கணக்கை ஏற்கலாம்.

இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் ஆட்டோ ஓட்டுநர் மேல் நான் வைத்திருந்த அபிப்பிராயமும் கொஞ்சம் கலைகிறது. அவரும் முகம் பார்த்துத்தானே விலை சொன்னார்? பெட்டி படுக்கையோடு எழும்பூரில் இறங்கியவனுக்கு ஒரு விலை, ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவனுக்கு ஒரு விலை, மழைக்கு ஒரு விலை. அப்படியானால் இன்றைய கணக்கு செய்வதும் அவர் செய்ததும் ஒன்றுதானே, வேகமும் துல்லியமும்தானே கூடியிருக்கின்றன என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி, சுலபமாகத் தாண்டிவிடக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு அவர் கேட்ட அதிகப்படியில் அவருடைய தூக்கம் இருந்தது, காலியாகத் திரும்பி வருகிற தூரம் இருந்தது, முதுகுவலி இருந்தது. அவருடையது. மிச்சம் என் கலவரமான முகத்துக்கு. இரண்டும் கலந்துதான் வந்தன. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்த அதே தூரத்தில் நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். இவன் இறங்கிவருவான், இவன் வரமாட்டான் என்று நானும் கணித்தேன். ஸ்டாண்டில் இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'பாவம்டா, ஆஸ்பத்திரி கேஸு' என்று அவர்களில் ஒருவர் குறுக்கே பேசினால் விலை அந்த இடத்திலேயே விழுந்தது. முகம் பார்த்து ஏற்றத் தெரிந்தவருக்கு முகம் பார்த்துக் குறைக்கவும் வந்தது. வெட்கம் என்கிற பொருளாதாரக் காரணியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு விஷயம். நகைக்கடன் பிரிவில் தினமும் பார்ப்பது. ஒரு பெண் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கவுன்டரில் வைக்கிறாள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கிறார், நிறுக்கிறார். கிராமுக்கு இவ்வளவு என்று மேலிடத்திலிருந்து வந்த தொகை. வட்டி பலகையில் எழுதியிருக்கிறது. அவள் கண்ணில் நீர் இருந்தால் கிராமுக்கு ஒரு ரூபாய் கூடாது. அவள் எதற்கும் சம்மதிக்கக்கூடிய நிலையில் இருக்கிறாள் என்பதற்காக வட்டி அரை சதவீதம் ஏறவும் செய்யாது. இந்த ஜடத்தன்மையை நான் முன்பு ஈவிரக்கமின்மை என்று மட்டுமே பார்த்தேன். அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. அவளுடைய துயரத்தை வங்கி தொடவில்லை. அது அவளுடையதாகவே இருந்துவிட்டுப் போகிறது. இதைக்கூட இனி எத்தனை நாளைக்குச் சொல்ல முடியுமோ தெரியாது. வீட்டுக்கடன் பக்கம் ஆளுக்கொரு கடன் மதிப்பெண், மதிப்பெண்ணுக்கேற்ற வட்டி என்று ஏற்கெனவே வந்துவிட்டது.

மறுபடி டாக்ஸிக்கு. 2016-ல் ஒரு மாறுதல் நடந்தது. அதைப் பற்றி அதிகம் கூச்சல் எழவில்லை. நல்ல மாறுதல் என்றுகூடப் பலர் நினைத்தார்கள். ஊபர் பெருக்கல் எண்ணைக் காட்டுவதை நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதிலாக முன்கூட்டியே முழுத்தொகை: போகிற இடத்தைச் சொல், இவ்வளவு ஆகும், சம்மதமா? பயணிக்குச் சௌகர்யம். மடங்கு என்ற அருவருப்பான எண் இல்லை. ஆனால் அந்த எண் மறைந்ததும் கோடும் மறைந்தது. வழக்கமான கட்டணம் எது, எத்தனை மேலே போயிருக்கிறது என்று பயணி அறிய வழி இல்லை. 'மீட்டருக்கு மேல' என்பதில் மேலும் இல்லை, மீட்டரும் இல்லை. 2017-ல் ஊபர் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது: வழித்தடத்தைப் பொறுத்து, பயணிகள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பார்கள் என்று ஊகித்துத் தொகையை நிர்ணயிக்கிறோம். தூரமும் நேரமும் நெரிசலும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு வசதியான பகுதியிலிருந்து இன்னொரு வசதியான பகுதிக்குப் போகிறவர் கூடுதலாகக் கொடுக்க நேரலாம். பயணி கொடுப்பதும் ஓட்டுநர் பெறுவதும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்த கயிறும் அதோடு அறுந்தது. ஓட்டுநருக்குத் தூரத்துக்கும் நேரத்துக்கும். நிறுவனத்துக்கு என் விருப்பத்துக்கும். அக்வினாஸின் இரண்டு பங்குகளையும் யாரோ படித்துவிட்டுத் தலைகீழாக அமல்படுத்தியது போல இருக்கிறது.

அதே 2016-ல் அந்த நிறுவனத்தில் பொருளாதார ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்த கீத் சென் அமெரிக்க வானொலிப் பேட்டி ஒன்றில் இரண்டு விஷயங்கள் சொன்னார். போனில் பேட்டரி தீரப்போகிறவர்கள் உயர்ந்த கட்டணத்தை எளிதில் ஏற்கிறார்கள். (இதைக் கட்டணம் நிர்ணயிக்கப் பயன்படுத்துவதில்லை என்றும் சொன்னார்.) இரண்டாவது: 2.0 மடங்கு என்றால் தயங்குபவர்கள் 2.1 மடங்கு என்றால் ஏற்கிறார்கள். இரண்டு என்றால் யாரோ மனம்போனபடி இரட்டிப்பாக்கிவிட்ட மாதிரி இருக்கிறது, 2.1 என்றால் பின்னால் ஏதோ கணக்கு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பேட்டரி விஷயம்தான் பத்திரிகைகளில் அடிபட்டது. எனக்கு 2.1 தான் சுவாரஸ்யம். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஒன்று, யதார்த்தவாத நாவலில் கதவு எண்ணோடு வரும் தெருப்பெயர் செய்கிற வேலையைச் செய்கிறது. நம்பவைக்கிறது. நம் நாவலாசிரியர்களில் பலருக்கு இன்னும் கைவராத உத்தி.

விலையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்ற ஆசை வியாபாரத்துக்குப் பழையது. தடையாக இருந்தது அறம் இல்லை, அறியாமை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டது பற்றி பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் டூபுய் 1849-ல் எழுதினார். கூரைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துவது கம்பெனியின் நோக்கம் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்க முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது, அதற்காக ஏழை நனைய வேண்டியிருக்கிறது என்பது அவருடைய வாதம். இன்று கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. 2016-ல் சிகாகோவின் ஸ்டீவன் லெவிட் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள், நிறுவனத்தின் பொருளாதார நிபுணர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, எந்த மடங்கில் எத்தனை பேர் வேண்டாமென்று விலகினார்கள் என்ற பதிவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். பயணி செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 1.60 டாலர் அளவுக்கு அவருக்கு உபரிப் பயன் கிடைக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் சாதாரண டாக்ஸி சேவையில் மட்டும் அது 680 கோடி டாலர். பயணிகள் எவ்வளவு லாபமடைகிறார்கள் என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட ஆய்வு. நான் கொடுத்திருக்கக் கூடியதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அது. பேரம் பேசிய காலத்தில் அந்த வித்தியாசம் எனக்கும் என் மனசுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அந்த ரகசியம் இருந்ததால்தான் பேரம் என்ற ஒன்றே இருந்தது. இப்போது அது எதிராளியின் பேரேட்டில் வரவேண்டிய பாக்கியாகத் தெரிகிறது.

ஆளுக்கொரு விலையா சொல்கிறார்கள்? நிரூபணம் உண்டா? 2025 ஜனவரியில், ஒரே பயணத்துக்கு ஐபோனில் ஒரு தொகையும் ஆண்ட்ராய்டில் ஒரு தொகையும் காட்டுவதாக எழுந்த புகார்களின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டும் மறுத்தன. உண்மையாகவே இருக்கலாம். வண்டி எத்தனை தூரத்தில் இருக்கிறது, எந்த விநாடியில் கேட்டோம் என்று வித்தியாசத்துக்கு நூறு காரணம் இருக்க முடியும். என் அக்கறை வேறு. ஒரே வாசலில் நிற்கும் இருவருக்கு இரண்டு தொகை வரும்போது, எது நியாயமான வித்தியாசம், எது இல்லை என்று அவர்களால் ஒருபோதும் சொல்ல முடியாது என்பதே போதுமான தார்மீகத் தகவல். அநியாயம் என்ற சொல்லுக்கு ஒப்பீடு வேண்டும். ஒப்பீட்டுக்கு இன்னொருவர் வேண்டும். சந்தையில் விலை உரத்த குரலில் சொல்லப்பட்டது. இப்போது காதோடு சொல்லப்படுகிறது. காதோடு சொல்லப்படுகிற விலையை எதிர்த்து யாரும் ஊர்வலம் போக முடியாது. பஸ் கட்டணம் ஏறினால் போகலாம்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1959-ல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து இந்தச் சிறுபத்திரிகை உலகம் ஒரு விஷயத்தை விடாமல் வலியுறுத்தி வந்திருக்கிறது: கூட்டம் பொய், தனிமனிதனின் அனுபவம் நிஜம். வெகுஜனப் பத்திரிகைகள் வாசகனைச் சராசரியாக நடத்துகின்றன, நாம் அவனைத் தனியாள் என்று மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். இப்போது ஒரு ஸ்தாபனம் வந்திருக்கிறது. அது யாரையும் சராசரியாக நடத்துவதில்லை. எனக்கே எனக்கான எண், என் தெருவுக்கு, என் நேரத்துக்கு, என் தயக்கத்துக்கு. தனிமனிதனை இத்தனை சிரத்தையோடு வாசித்த விமர்சகன் நம்மில் யாரும் இல்லை. தனித்துவத்தைக் கொண்டாடியபோது, நியாயம் என்பதற்குக் கொஞ்சம் சராசரித்தனம் தேவைப்படும், ஓரளவுக்காவது எல்லாரும் ஒரே மாதிரியாக நடத்தப்பட வேண்டியிருக்கும் என்பதை நாம் யோசித்தோமா? நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கும்போது மீட்டரின் குருட்டுக் கண்ணாடி ஒரு கவிதைப் பொருளாகத் தெரிகிறது.

அரசாங்கம் சும்மா இல்லை. 2020 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது, பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது, கட்டணத்தில் 80 சதவீதமாவது ஓட்டுநருக்குப் போக வேண்டும் என்றன. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறைகள் உச்சவரம்பை இரண்டு மடங்காக்கின. வரம்பு இருப்பது நல்லது. சிட்னி மறுபடி நடக்காது. ஆனால் பாதிக்கும் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரே பயணத்துக்கு நான்கு பங்கு வித்தியாசம் இருக்க முடியும். அந்த இடைவெளிக்குள் எதற்காக எந்தத் தொகை என்பதைச் சொல்லும்படி பயணி கேட்க வழியில்லை.

அதற்கு முன்பு, 2025 மே மாதத்தில் இன்னொரு வேடிக்கை. 'முன்கூட்டிய டிப்ஸ்'. வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸாக ஏதாவது சேர்த்தால் ஓட்டுநர்கள் சீக்கிரம் ஏற்பார்கள் என்று கைபேசி யோசனை சொன்னது. மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி இது அறமற்றது, சுரண்டல் என்றார். ஊபருக்கு நோட்டீஸ் போயிற்று. விஷயம் சின்னது. ஆனால் அக்வினாஸ் அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். வாங்கிய பொருளால் மிகுந்த பயனடைந்தவன், தானாக விரும்பி விற்றவனுக்கு ஏதாவது கூடுதலாகக் கொடுக்கலாம், அது அவன் பெருந்தன்மைக்கு அழகு என்கிறார். தேவைக்கு விலை கேட்கக்கூடாது என்ற விதிக்கு அவர் வைத்த ஒரே வாசல் அது. தேவை என்னுடையது, ஆகவே அதற்காகக் கொடுக்கும் உரிமையும் என்னுடையது. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, மீதிச் சில்லறையை வாங்காமல் ஓடுகிறவனின் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தையும் வண்டி வருவதற்கு முன்பே ஏலத்துக்கு எடுத்துவிட்டார்கள். டிப்ஸ் என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏலம் என்றால் யாரும் போடமாட்டார்கள்.

சென்னை ஓட்டுநர்களிடம் சமீப காலத்தில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், பெரும்பாலும் சிக்னலில், கண்ணாடியில் என்னைப் பார்த்து, 'உங்களுக்கு எவ்வளவு சார் காட்டுது?' என்பார்கள். ஆரம்பத்தில் இது எதற்கோ அடிபோடுவது என்று நினைத்துப் பேச்சை மாற்றுவேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அவர்களில் சிலர் தங்கள் போனைத் திருப்பிக் காட்டுகிறார்கள். சில நாள் இரண்டும் ஒன்றாக இருக்கும். சில நாள் இருக்காது. அப்போது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருப்போம், பின்னால் ஹாரன் அடிக்கிறவரை.